நிர்வாகத்தரப்பு வக்கீல்: குற்றம் எழுதப்படும் விதம்

தொழிற்சங்கங்களின் வரலாறு நம்மிடம் ஓரளவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, 1921 வேலைநிறுத்தம், சிங்காரவேலர், திரு.வி.க. என்று சொல்லிக்கொண்டு போக நமக்கு விஷயம் உண்டு. எதிரில் நிற்கும் முதலாளியைப் பற்றியும் எழுதியிருக்கிறோம், பெரும்பாலும் தொப்பையும் சுருட்டுமாக. இந்த இருவருக்கும் நடுவில் கறுப்புக் கோட்டு போட்டு நிற்கிற ஒருவரைப் பற்றி மட்டும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நம் கதைகளில் அவர் வந்தால் கோர்ட்டில் சத்தமாகப் பேசுவார், பொய்ச்சாட்சி தயாரிப்பார், கடைசியில் ஜெயிப்பார் அல்லது தோற்பார். உண்மையில் அவருடைய வேலையில் கோர்ட் ஒரு சிறிய பகுதிதான். சத்தம் அதனினும் சிறிய பகுதி.

இதை எழுத எனக்குள்ள தகுதி பெருமைப்படக்கூடியது அல்ல. 1993இலிருந்து 2004 வரை, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில் ஒரு நிர்வாகத்தரப்பு சேம்பரில் ஜூனியராக இருந்தேன். ஊரில் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. 'உனக்கு எப்படிடா மனசு வந்தது?' என்று நண்பர்கள் கேட்டதுண்டு. மனசு வருவதற்கு முன்னாலேயே வேலை வந்துவிட்டது என்பதே நேர்மையான பதில். யூனியன் தரப்பு சீனியர்களிடம் ஜூனியருக்குக் கொடுக்கப் பணம் இருக்கவில்லை.

சென்னைத் தொழிலாளர் நீதிமன்ற வக்கீல்கள் நான் பார்த்தவரை இரண்டாகப் பிரிந்தவர்கள். ஒன்று 'மேனேஜ்மென்ட் சைடு', மற்றது 'யூனியன் சைடு'. கொலை வழக்கில் இன்று அரசுத்தரப்பில் நிற்பவர் நாளை குற்றவாளிக்காக நிற்கலாம். இங்கே அப்படி மாறுகிறவர்கள் அபூர்வம். யார் வந்து வழக்கைக் கொடுத்தாலும் உரிய கட்டணத்துக்கு எடுத்து நடத்த வேண்டும் என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. 'யாருக்கும் வாதாட ஒருவர் வேண்டாமா?' என்கிற வழக்கமான நியாயம் அந்த விதியின் நிழலில்தான் நிற்கிறது. ஆனால் நாற்பது வருடம் ஒரு தரப்புக்கு மட்டுமே ஆஜராகும் ஒருவர் அந்த நிழலில் ஒதுங்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன். அவர் கட்சிக்காரருக்காகப் பேசுவதோடு நிற்பதில்லை. ஒரு வர்க்கத்தின் மொழியை அதற்கு எழுதிக் கொடுக்கிறார்.

இந்தத் தொழிலை உருவாக்கியது முதலாளிகள் அல்ல, தொழிலாளர் சட்டங்கள்தான் என்பது இதில் உள்ள முரண். 1920இல் பின்னி நிர்வாகம் பி.பி. வாடியா முதலியவர்கள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியபோது தொழிலாளர் சட்டம் என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினார்கள் என்ற பழைய ஆங்கிலேயச் சிவில் வாதமே போதுமானதாக இருந்தது. வாடியா சங்கத்தை விட்டு விலகுவதில் போய் அது முடிந்தது. அதன் அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. பிறகு 1946இல் நிலையாணைச் சட்டம், 1947இல் தொழில் தகராறுச் சட்டம். ஒவ்வொரு பாதுகாப்பு வந்தபோதும் அதைத் தாண்டிப் போக வழி சொல்லும் ஒருவர் தேவைப்பட்டார்.

1947 சட்டத்தை எழுதியவர்களுக்கு வக்கீல்கள் மேல் சந்தேகம் இருந்தது. சமரச அதிகாரி முன்னால் வக்கீல் ஆஜராகக் கூடாது, தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வரலாம் என்று 36ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். அதே பிரிவு, முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகி ஒருவர் முதலாளிக்காக ஆஜராகலாம் என்றும் சொன்னது. அப்படியானால் ஒரு வக்கீலே அந்தச் சங்கத்தின் நிர்வாகியாக இருந்தால்? 1976இல் பாராதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர் நிர்வாகி என்ற முறையில் வரலாம், வக்கீல் என்பதற்காகத் தடுக்க முடியாது என்றது. தொழிற்சங்க நிர்வாகியாக இருக்கும் வக்கீலுக்கும் அதே விதிதான். சமத்துவம்! என் சீனியர் அப்படி ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகும்போது கோட்டைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு உள்ளே போவார். அவ்வளவுதான் சட்டத்துக்கு வேண்டியிருந்தது.

முதல் இரண்டு வருடம் நான் செய்தது கணக்கு. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவரைச் சட்டப்படியான நோட்டீசும் இழப்பீடும் இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. இந்த இரண்டு எண்களுக்கும் கீழே ஆட்களை வைத்திருப்பது எப்படி என்பதுதான் என் கணக்கு. மஸ்டர் ரோலை விரித்து வைத்துக்கொண்டு யாருக்கு எந்தத் தேதியில் 'பிரேக்' கொடுக்க வேண்டும் என்று பென்சிலால் குறிப்பேன். ஒரு பெயருக்கு நேராக 471 என்று வந்தால் அடியில் கோடு. அந்தக் கோடு யாருடைய வீட்டில் எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. கோர்ட்டுக்கு வராத இந்த வேலைக்குத்தான் சேம்பருக்கு மாதாமாதம் ரீட்டெய்னர் வந்தது.

மூன்றாம் வருடம் எழுத்துக்கு உயர்த்தப்பட்டேன். சீனியர் அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறது: "தம்பி, கோர்ட்ல பேசி ஜெயிக்கிற கேஸ் ரொம்பக் கம்மி. ஃபேக்டரியில எழுதி ஜெயிக்கணும். கோர்ட்ல நாம அதைப் படிச்சுக் காட்டறோம், அவ்வளவுதான்."

இது என்னவென்று புரிய ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1995 மே மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. வைண்டிங் பிரிவில் மின்விசிறி மூன்று நாளாக ஓடவில்லை. ஒரு தொழிலாளியும் கூட இரண்டு பேரும் சூப்பர்வைசர் அறைக்குப் போய் இருபத்தைந்து நிமிஷம் நின்றார்கள். "ஃபேன் ஓடற வரைக்கும் மெஷின் ஓடாது" என்று அவர் சொன்னார். நடந்தது இவ்வளவே. பர்சனல் அதிகாரி அரைப் பக்கக் குறிப்போடு சேம்பருக்கு வந்தார். சங்கம் கட்டுவதில் அந்த ஆள் முன்னால் நிற்கிறார் என்பதைக் குறிப்பில் எழுதவில்லை, வாயால் சொன்னார்.

நான் இரண்டு மணி நேரத்தில் மூன்று பக்கக் குற்றச்சாட்டு மெமோ தயார் செய்தேன். 'தாங்கள் அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு நீங்கி, சக தொழிலாளர்களைக் கும்பலாகத் திரட்டிக்கொண்டு, மேற்பார்வையாளர் அறைக்குள் அத்துமீறி நுழைந்து, அவரை முற்றுகையிட்டு மிரட்டி, உற்பத்தியை நிறுத்தும்படி மற்றவர்களைத் தூண்டியுள்ளீர்கள்' என்று போயிற்று அது. இந்தச் சொற்கள் கோபத்தில் வந்தவை அல்ல. மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு: வேண்டுமென்றே கீழ்ப்படியாமை, வேலை நேரத்தில் கலவரமாக நடந்துகொள்ளுதல், சட்டவிரோத வேலைநிறுத்தம் அல்லது அதற்குத் தூண்டுதல் என்று. பட்டியலில் இல்லாத ஒன்றைக் குற்றமென்று தண்டிக்க முடியாது என்று 1983இல் கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. தொழிலாளிக்குப் பாதுகாப்பான தீர்ப்பு அது. எங்களுக்கு அதன் பொருள், நடந்ததைப் பட்டியலின் மொழிக்கு மாற்றுவது என்பதுதான். 'போனார்' என்பது 'அத்துமீறி நுழைந்தார்' ஆக வேண்டும். 'நின்றார்' என்பது 'முற்றுகையிட்டார்' ஆக வேண்டும்.

இப்போது அந்த மெமோவை நினைத்தால் அதில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் உறுத்துகிறது. மூன்று பக்கத்தில் ஓரிடத்திலும் ஃபேன் இல்லை. வெயில் இல்லை. காரணமில்லாத ஒரு மனிதன் காரணமில்லாமல் ஒரு அறைக்குள் நுழைகிறான். மனிதர்களை ஆவணத்தில் ஏற்றி ஒவ்வொருவரையும் ஒரு 'கேஸ்' ஆக மாற்றுவதே நவீன ஒழுங்குமுறை அதிகாரத்தின் வேலை என்று மிஷேல் ஃபூக்கோ 1975இல் சிறையைப் பற்றி எழுதிய நூலில் விளக்குகிறார். அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றும் தோன்றுகிறது. எங்கள் குமாஸ்தா கட்டின் மேல் பெயரெழுதி நாடாவால் கட்டும்போது "இன்னியிலேருந்து இவன் நம்ம ஆளு சார்" என்பார்.

இனிச் சொல்வது நம் தரப்புக்குக் கசப்பானது. மெமோவுக்குப் பதில் வந்தது. சங்க அலுவலகத்தில் யாரோ எழுதிக் கொடுத்த ஒற்றை வரி: 'குற்றச்சாட்டுகள் அனைத்தும் பொய், வன்மையாக மறுக்கிறேன்.' அதிலும் ஃபேன் இல்லை! வீரமான வரிதான். நாங்கள் எழுதாமல் விட்டதை அவர்களும் எழுதாமல் விட்டார்கள். இனி கோப்பில் அந்த மின்விசிறி ஒருபோதும் சுழல முடியாது. மூன்று வருடம் கழித்துத் தொழிலாளர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி அவர் ஃபேனைப் பற்றிச் சொன்னபோது, சீனியர் குரலே உயர்த்தாமல் கேட்டார்: "இதை உங்கள் விளக்கக் கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்களா?" இல்லை. "உள்விசாரணையில்?" இல்லை. "ஆக, இது பின்யோசனை." வாதம் அவ்வளவுதான். நான் இருந்த பதினோரு வருடத்தில் நிர்வாகத்தரப்பு ஜெயித்த வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரி ஒற்றை வரிப் பதில்களால் ஜெயித்தவை என்பது என் அனுமானம். கூட்டம் போட, சுவரொட்டி எழுத, வாயில் முழக்கத்துக்கு நம்மிடம் மொழி இருக்கிறது. மெமோவுக்குப் பதில் எழுத இல்லை. அதை அற்பமான குமாஸ்தா வேலை என்று நினைத்துவிட்டோம்.

உள்விசாரணை என்பது தனிக் கலை. விசாரணை அதிகாரி வெளியாள், நடுநிலையானவர், பெரும்பாலும் ஒரு வக்கீல். அவர் யாரென்று கேட்டால், எங்கள் சேம்பரில் முன்பு ஜூனியராக இருந்தவர், அல்லது பக்கத்து சேம்பர்க்காரர். ஃபீஸ் நிர்வாகம் கொடுக்கும். தொழிலாளிக்கு விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை பொதுவாகக் கிடையாது. நிர்வாகம் சட்டம் படித்த ஒருவரை வைத்து வழக்கு நடத்தும்போது தொழிலாளிக்கு மட்டும் மறுப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று 1982இல் பம்பாய்த் துறைமுக வழக்கில் தீர்ப்பு வந்தது. விளைவு? சட்டம் படித்த அதிகாரியை நாற்காலியில் உட்கார வைப்பதை நிறுத்தினோம். படிக்காத அதிகாரிக்கு முதல் நாள் இரவே கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

சீனியருக்கு நியாயம் செய்வதானால் ஒன்று சொல்ல வேண்டும். நிர்வாகங்கள் கேட்டதையெல்லாம் அவர் செய்ததில்லை. "வேண்டாம் சார், இது நிக்காது, ஆளை உள்ளே எடுத்துக்குங்க" என்று அவர் தடுத்த வேலைநீக்கங்கள் பலவற்றுக்கு நான் சாட்சி. அந்த ஆட்களுக்கு யார் காப்பாற்றினார்கள் என்று தெரியாது. 'நிக்காது' என்பதுதான் அங்கே அளவுகோல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'தப்பு' என்ற சொல் அந்த அறையில் எழுத்துப் பிழைக்கு மட்டுமே பயன்பட்டது.

எழுத்துக்கு அடுத்த சரக்கு காலம். 1971 டிசம்பரில் 11ஏ பிரிவு அமலுக்கு வந்து, தண்டனை அதிகமென்றால் தொழிலாளர் நீதிமன்றமே அதைக் குறைக்கலாம் என்றானது. பெரிய மாற்றம். ஆனால் 1973இல் ஃபயர்ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்விசாரணை ஓட்டையாக இருந்தாலும் நிர்வாகம் நீதிமன்றத்தில் புதிதாகச் சாட்சியம் கொடுத்துத் தன் முடிவை நியாயப்படுத்தலாம் என்ற உரிமையைத் தக்கவைத்தது. ஆகவே முதலில் விசாரணை முறையானதா என்ற 'பூர்வாங்கப் பிரச்சினை'க்குச் சில வருடம். தோற்றால் புதுச் சாட்சியத்துக்குச் சில வருடம். பிறகு உயர் நீதிமன்றம். இப்படிப் பூர்வாங்க ஆட்சேபணைகளைத் தூக்கிக்கொண்டு மேல் நீதிமன்றங்களுக்கு அலைந்தால் நிர்வாகம் தாங்கும், தொழிலாளி தாங்கமாட்டான் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி 1983இல் டி.பி. மகேஸ்வரி வழக்கில் கடிந்துகொண்டார். அந்தத் தீர்ப்பின் நகல் எங்கள் சேம்பரிலும் இருந்தது. எதிர்த்தரப்பு அதைக் காட்டினால் என்ன சொல்வது என்ற குறிப்போடு.

நம் வைண்டிங் தொழிலாளியின் வழக்கு இதே பாதையில் போயிற்று. உள்விசாரணை செல்லாது என்று 1998இல் முடிவானது. புதிதாகச் சாட்சியம் கொடுத்தோம். 2001இல் வேலையும் பாதிப் பின்சம்பளமும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. ஃபேன் நிற்கவில்லை என்றாலும் தண்டனை மிக அதிகம் என்று நீதிபதி கருதினார். உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினோம். இப்படி மேல்முறையீட்டில் கிடக்கும் காலத்துக்குத் தொழிலாளி பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் 1984 முதல் 17பி பிரிவு வந்தது. கடைசியாக வாங்கிய சம்பளத்தை நிர்வாகம் மாதாமாதம் கொடுக்க வேண்டும். 'கடைசியாக வாங்கிய' என்றால் நீக்கப்பட்ட அன்று வாங்கிய தொகைதான், இடையில் உயர்ந்த சம்பளம் அல்ல என்று டேனா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. அவர் 1995இல் வாங்கியது 2,140 ரூபாய். 2002இல் அதே 2,140.

அதையும் கொடுக்காமலிருக்க ஒரு வழி உண்டு. அவர் வேறு இடத்தில் போதுமான ஊதியத்தோடு வேலையில் இருக்கிறார் என்று காட்டினால் போதும். அவர் வீட்டு வாசலில் மனைவி இட்லிக்கடை போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. கேமராவோடு என்னைத்தான் அனுப்பினார்கள். காலை ஏழு மணி, அவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எடுத்தேன். 'மனுதாரர் ஓட்டல் தொழில் நடத்தி வருகிறார்' என்று பதில் மனு எழுதியதும் நான்தான். அந்த மனு தோற்றது என்பது எனக்கு இன்றைக்கும் ஒரு ஆறுதல்.

இதே இடத்தில் இன்னொரு வழக்கைச் சொல்லலாம். பம்பாய் சொலிசிட்டர் நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் போனஸ் கேட்டபோது, சொலிசிட்டர் அலுவலகம் 'தொழில்' என்ற வரையறைக்குள் வராது, அங்கே வேலை செய்பவர்கள் தொழில் தகராறு எழுப்ப முடியாது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீலின் அறிவு வேலைக்கு டைப்பிஸ்டும் குமாஸ்தாவும் நேரடியாக ஒன்றும் சேர்ப்பதில்லையாம். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் கிருஷ்ணய்யர் அமர்வு அதைத் தவறென்று தள்ளியது. எங்கள் குமாஸ்தா இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனபோது கையில் என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

நான் சேம்பரை விட்ட பிறகு தொழில் மாறிவிட்டது. வழக்கு நடத்துவதை விட ஒப்பந்தம் எழுதுவதில்தான் வருமானம். 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்குக்குப் பிறகு, ஒப்பந்தத் தொழிலாளர் முறை தடை செய்யப்பட்டாலும் அவர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்றானது. அதன்பின் 'டிரெய்னி', 'அப்ரண்டிஸ்', 'காண்ட்ராக்ட்' என்று பெயர் சூட்டுவதே பெரிய சட்ட வேலை. 1947 சட்டமும் இப்போது இல்லை. 2020இல் நிறைவேறிய தொழிலுறவுத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் முன்அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராகிவிட்டது. வேலைநீக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் போக மூன்று வருடமிருந்தது இரண்டாகிவிட்டது. 299 என்ற எண்ணுக்கு அடியில் எந்த ஜூனியரோ இந்நேரம் கோடு போட்டுக்கொண்டிருப்பான். ஸ்ரீபெரும்புதூரில் 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, நிறுவனத்தின் பெயரைச் சங்கத்தின் பெயரில் சேர்க்கக் கூடாது என்று ஆட்சேபணை எழுந்ததைப் பார்த்தோம். 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. இப்படி ஒரு கேள்வியைப் பெயர்ப்பலகையில் கண்டுபிடித்த மூளையை எனக்கு அடையாளம் தெரிகிறது. நானும் அந்தப் பள்ளிக்கூடம்தான்.

வைண்டிங் தொழிலாளியின் வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தது. தொழிலாளர் மொழியில் 'பதினெட்டு ஒண்ணு', அதாவது 18(1) ஒப்பந்தம். ஒரு மொத்தத் தொகை, வேலை கிடையாது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. கையெழுத்துக்காக அவர் சேம்பருக்கு வந்தார். நான் எதிர்பார்த்த கோபம் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தார், ஒரு தேதியைத் திருத்தச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சார், மொத மெமோவுல கும்பல்னு போட்டிருந்தது. நாங்க மூணு பேருதான் போனோம். மூணு பேரைக் கும்பல்னு சொல்லலாமா சார்? சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குறேன்" என்றார்.

சீனியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் படுகிற மாதிரிப் போடச் சொன்னேன் நான்.